காது கேட்காததற்கு நடுக்காதில் எந்த எலும்பு காரணம் என்று கணினியில் கட்டிய காதின் மாதிரியுரு சொல்லுமா?

ஓரளவுக்குச் சொல்லும். நான் பாலம் கட்டுகிற பொறியியலாளர், வைத்தியர் இல்லை. அம்மாவின் காதால்தான் இதற்குள் புகுந்தேன்.

வீட்டுக்குள் மூன்று தரம் கூப்பிட்டாலும் அம்மா திரும்ப மாட்டார். காங்கேசன்துறை வீதி மினிபஸ் இரைச்சலுக்குள் ஏதும் கேட்டால் உடனே பதில் வரும். "நடிக்கிறா" என்று சிரித்தோம். நடிப்பில்லை. உட்காது வாசலில் இருக்கும் ஏந்தி எலும்பு இறுகியவர்களுக்கு இரைச்சலும் குறைவாகத்தான் கேட்கும். நாமோ அதை மீறிக் கத்திக் கதைக்கிறோம்.

கேட்டல் பரிசோதனைத் தாளில் இரண்டு கோடுகள் வரும், எலும்பு வழியாகக் கேட்பது ஒன்று, காற்று வழியாகக் கேட்பது மற்றது. இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ. அதற்கு மேல் அந்தத் தாள் வாய் திறக்காது. செவிப்பறையோடு ஒட்டிய சம்மட்டி எலும்பு இறுகினாலும் கோடுகள் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஆனால் அது இறுகியிருக்க, சத்திரசிகிச்சை செய்து ஏந்திக்குப் பதிலாகச் சின்னப் பிஸ்டன் வைத்து என்ன பயன்?

மாதிரியுருவில் செய்வது நாங்கள் பாலத்துக்குச் செய்கிற அதே வேலை. செவிப்பறையையும் எலும்புகளையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி, நிறையும் விறைப்பும் கொடுத்து, ஒலியால் அதிர வைப்பார்கள். பூனையின் செவிப்பறைக்கு 1978இலேயே செய்துவிட்டார்கள். 3 மில்லிமீற்றர் உயரமுள்ள ஏந்தியை இறுக்கிப் பார்க்கலாம், எலும்புச் சங்கிலியை அறுத்தும் பார்க்கலாம். உயிருள்ள காதில் நடக்கிற காரியமா? அறுந்தால் செவிப்பறை ஒலியை உள்வாங்கும் அளவு 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓரிடத்தில் கூர்மையாக எழும். இறுகினால் தாழ்ந்த சுருதிகளில் உள்வாங்குவது குறையும். காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் வழமையான அழுத்தப் பரிசோதனை 226 ஹேர்ட்ஸ் என்ற ஒரே சுருதியைத்தான் பயன்படுத்தும். 8000 ஹேர்ட்ஸ் வரை பல சுருதிகளில் அளக்கும் வைட்பாண்ட் பரிசோதனையின் கோட்டை எடுத்து, மாதிரியுரு தந்த கோடுகளில் எதோடு பொருந்துகிறது என்று தேடுவார்கள்.

சிக்கல் இந்தத் தேடலில்தான். நல்ல காதுகளே ஆளுக்கு ஆள் வேறுபடும். செவிப்பறை தளர்ந்திருந்தால் உள்ளே ஏந்தி இறுகியிருப்பதை அது மறைத்துவிடும். ஒரே கோட்டுக்கு இரண்டு மூன்று விளக்கங்கள் பொருந்தும். ஆகவே கிடைப்பது "இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்ற பதில். திறக்கும் முன்பே சத்திரசிகிச்சை நிபுணர் எதற்குத் தயாராக வேண்டும் என்று அறிய அதுவே பெரிய உதவி.

எங்கள் காது வைத்தியரோ திறந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்றார். அம்மா என்னைப் பார்த்தார்: "அப்ப நான் பஸ்ஸிலேயே இருந்து கதைக்கிறன்."