வைரஸ் புரதமும் எலியின் கட்டியும்

கேள்வி: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா வைரஸ் காரணம் என்று படித்தேன். அந்த வைரஸின் குறிப்பிட்ட ஒரு புரதம்தான் நோயை உண்டாக்குகிறது என்பதை மரபணு மாற்றிய எலிகளைக் கொண்டு எப்படிச் சோதிக்கிறார்கள்? எலிக்குக் கட்டி வந்துவிட்டால் அதுவே நிரூபணமாகுமா?

பதில்: மனிதப் பாப்பிலோமா வைரஸ் எலிகளைத் தொற்றுவதில்லை. ஆகவே வைரஸின் மரபணு ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அது எந்தத் திசுவில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டுடன் இணைத்து, கருவுற்ற எலி முட்டையின் உட்கருவுக்குள் நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். கெரட்டின் 14 என்ற மரபணுவின் இயக்கத் துண்டைச் சேர்த்தால், தோலிலும் கருப்பை வாயிலும் உள்ள அடித்தளச் செல்களில் அப்புரதம் உருவாகும்.

எச்சரிக்கை தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். செலுத்திய மரபணு எலியின் டிஎன்ஏவில் எங்கே போய் அமரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது எலியின் சொந்த மரபணு ஒன்றைச் சிதைத்து, அதனாலேயே கட்டி தோன்றியிருக்கலாம். எனவே தனித்தனி முட்டைகளிலிருந்து உருவான பல வம்சங்களில் அதே விளைவு தெரிய வேண்டும். அம்மரபணுவைப் பெறாத உடன்பிறந்த எலிகளும் அதே சூழலில் வளர்க்கப்பட்டு ஒப்பிடப்பட வேண்டும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட முடிவுகள் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே விடை தருகின்றன. பாப்பிலோமா 16ஆம் வகையின் ஈ7 புரதத்தைக் கொண்ட எலிகளுக்கு ஆறு மாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைக் கொடுத்தபோது கருப்பை வாயில் புற்றுநோய் வந்தது. அதே வைரஸின் மற்றொரு புரதமான ஈ6 மட்டும் கொண்டவற்றுக்கு அந்தக் காலத்திற்குள் வரவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கட்டிகள் பெரிதாயின. செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் ஆர்பி புரதத்தை ஈ7 செயலிழக்கச் செய்கிறது என்பது இதற்குப் பொருந்தும் விளக்கம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் ஈ7 தனித்து அங்கே புற்றுநோயை உண்டாக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதத்தின் கதையை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அப்புரதத்தைக் கொண்ட எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததாக 1991இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. வேறு எலி வம்சங்களை வைத்துச் செய்த மற்ற ஆய்வுகளில் அது தானாக வரவில்லை, ஆயினும் புற்றுநோயூட்டும் ரசாயனம் கொடுத்தபோது அவற்றில் கூடுதல் பாதிப்பு தெரிந்தது. இரு தரப்பும் தவறல்ல. ஒரே புரதம் ஓர் எலி வம்சத்தில் முதன்மைக் காரணமாகவும் இன்னொன்றில் துணைக் காரணமாகவும் தோன்றக்கூடும் என்பதால், எந்த வம்சம், எவ்வளவு புரதம், எத்தனை மாதக் காத்திருப்பு என்பதைக் கேட்காமல் முடிவை ஏற்கக் கூடாது.

இன்னும் வலுவான சோதனை, மரபணுவை விரும்பியபோது நிறுத்துவது. எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டி புரதத்தை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இயங்கச் செய்து நான்காம் மாதத்தில் நிறுத்தியபோது செல்களின் மிகை வளர்ச்சி தணிந்தது. ஏழாம் மாதத்தில் நிறுத்தியபோது, புரதம் மறைந்த பிறகும் அது தொடர்ந்தது.

ஆகவே எலிக்கு வந்த கட்டி, அப்புரதத்தால் புற்றுநோயைத் தூண்ட முடியும் என்று காட்டுகிறது. மனிதரில் அதுவே தூண்டுகிறது என்று சொல்ல, நோயாளிகளின் கட்டிகளில் அப்புரதம் தொடர்ந்து இருக்கிறதா, அதை அடக்கினால் அச்செல்களின் வளர்ச்சி நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஈ6, ஈ7 இரண்டும் இந்தச் சோதனைகளையும் கடந்திருக்கின்றன.