பதில்: டியூஷன் வைத்தும் மகனுக்கு மார்க் ஏறவில்லை (குடியாத்தம்)

சகோதரி, வணக்கம். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் நன்றாகப் படித்த பையன், ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியதும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் சரிந்துவிட்டான், கணக்கில் கூட்டல் பெருக்கல் சரியாக வருகிறது, வாக்கியக் கணக்கு மட்டும் தப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். கணக்கு தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை. இதை மந்தம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

அரசின் தமிழ் வழிப் பாடநூலும் ஆங்கில வழிப் பாடநூலும் ஒரே பாடங்கள்தான். தமிழ்ப் புத்தகத்தையும் வாங்கி, முதலில் அதில் படித்துக் கதை போல உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதே பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பீடி சுற்றிக்கொண்டே கேட்டாலும் போதும், உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

காலை ஐந்து மணி டியூஷனை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. பத்தரைக்குப் படுக்கிறான் என்கிறீர்கள். இந்த வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தூங்காத பிள்ளைக்குப் படித்தது நிற்காது.

கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதுகிறான் என்றால் கண்ணையும் சோதியுங்கள். வேலூரில் ஆரணி ரோட்டில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப் போங்கள்.