பரிவைப் பாடமாகக் கற்பிக்க முடியுமா?

கேள்வி: நான் செவிலியர் கல்லூரியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். முதலாண்டில் நோயாளியின் கண்ணீரைக் கண்டு தாமும் கலங்கும் மாணவியர், இறுதியாண்டுக்கு வருவதற்குள் ‘ஏழாம் நம்பர் பெட்’, ‘சுகர் கேஸ்’ என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பரிவு பிறவிக் குணம், அதைக் கற்பிக்க முயல்வது வீண் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். இது சரியா?

பதில்: இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பிறவிக் குணம் மட்டுமே என்றால், முதலாண்டில் நீங்கள் கண்ட பரிவு மறைந்திருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவ மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து முகமதுரேசா ஹோஜாட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வும், மாணவர்கள் நோயாளிகளுடன் அதிகம் பழகத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவு குறிப்பிடத்தக்க அளவு சரிகிறது என்றே காட்டியது. மறுபுறம், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஹெலன் ரீஸ் குழுவினர் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்புகள் மூன்றை நடத்தியபோது, அவர்களைப் பற்றி நோயாளிகள் அளித்த மதிப்பீடு, வகுப்பில் சேராதவர்களுக்குக் கிடைத்ததைவிட மேம்பட்டது. அந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது.

ஆனால் ‘பரிவோடு இருங்கள்’ என்று மேடையில் நின்று சொல்வதால் எவருக்கும் பரிவு வந்துவிடாது. நோயாளியாக நடிப்பதற்குப் பயிற்சி பெற்றவரை மாணவரின் முன் அமர்த்தும் முறையை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இலேயே கையாண்டார். உரையாடல் முடிந்தபின் அந்த நடிகர், ‘நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியதும், சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டேன்’ என்று நேருக்கு நேர் சொல்வதே இதன் உயிர்நாடி. ஆசிரியர் எத்தனை முறை திருத்தினாலும் உறைக்காத ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் உறைத்துவிடும்.

எதைப் பழக்க வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. நோயாளியின் கண்மட்டத்தில் அமர்வதும், அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பதும் முதற்படி. நோயாளிகள் பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர்கள் குறுக்கிட்டதாக பெக்மன், ஃபிராங்கெல் இருவரும் 1984-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதன்பின், தான் புரிந்துகொண்டதை நோயாளியிடமே சொல்லி, அது சரிதானா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கேள்விதான். அடுத்தவரின் மனத்தை அறிந்துவிட்டதாக நாமே முடிவுசெய்துகொள்வது பரிவு ஆகாது. ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதல் பேச்சை முடித்துவைக்கிறது. ‘நாளைய அறுவை சிகிச்சையை நினைத்துப் பயமாக இருக்கிறதா?’ என்னும் கேள்வியோ அவரைப் பேசவைக்கிறது.

இவ்வளவையும் வகுப்பில் கற்ற மாணவி, வார்டில் மூத்த செவிலியர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே பேசக் கற்றுக்கொள்வாள். நோயாளியின் முன்னிலையில் மாணவியை அவமதிக்கும் ஆசிரியரும் ஒரு பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே பயிற்சியை மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எல்லாருடைய துன்பத்தையும் உணர்ந்துகொண்டே இருந்தால் என்னைப் போன்ற வார்டு செவிலியர் மனமொடிந்து போகமாட்டார்களா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பிறர் வலியைத் தன் வலியாகவே சுமப்பது ஒருவரைச் சோர்வடையச் செய்கிறது. அந்த வலியைத் தணிக்க வேண்டும் என்னும் அக்கறையில் மனத்தை நிறுத்தப் பழகுவது தாங்கும் வலிமையைத் தருகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு மனநிலைகள் என்பதை டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் இந்தச் சுமையைத் தனிமனிதரின் மனப்பயிற்சியிடம் மட்டும் விட்டுவிடுவது நேர்மையன்று. 1995-இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரால் இன்று பல மருத்துவமனைகளில் கூட்டங்கள் நடக்கின்றன. மருத்துவர், செவிலியர், பிற ஊழியர் அனைவரும் பதவி வேறுபாடின்றி அமர்ந்து, பணி தங்கள் மனத்தில் ஏற்படுத்தும் பாரத்தைப் பேசுகிறார்கள். இத்தகைய கூட்டத்தை உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். அதையும் பணி முடிந்தபின் அல்லாமல், பணிநேரத்துக்குள்ளேயே நடத்தும்படி கேளுங்கள்.