ஹார்ன் பயிலரங்கில் 20 நிமிடம்: மகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கிறாள். பள்ளி பேண்டில் இரண்டரை ஆண்டாக பிரெஞ்சு ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுகருவி) வாசிக்கிறாள். சின்ன வயதிலிருந்து கர்நாடக வாய்ப்பாட்டும் கற்கிறாள். ஜூன் விடுமுறையில் வெளிநாட்டு இசைக்குழு ஒன்றின் ஹார்ன் கலைஞர் இங்கே இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறார். அதில் 20 நிமிடம் மேடையில் வாசித்துப் பாடம் கேட்கும் இடம் இவளுக்குக் கிடைத்திருக்கிறது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஹார்னுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய முதல் கான்செர்ட்டோவை வாசிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் எல்லோர் முன்னாலும் குறை சொல்லிவிடுவாரோ என்று பயமும் இருக்கிறது. எப்படித் தயாராவது? பயிலரங்குக்கு இரண்டு வாரம் முன்னதாகப் பல்லுக்குக் கம்பி போட நாள் குறித்திருக்கிறோம். அதைத் தள்ளிப்போடலாமா?
— ஒரு தாய், சிங்கப்பூர்

பதில்: ஸ்ட்ராஸ் இப்போது வேண்டாம். அந்தக் கான்செர்ட்டோ மேல் அவளுக்கு ஆசை வருவது இயல்புதான். ஸ்ட்ராஸின் அப்பா மியூனிக் அரசவை இசைக்குழுவில் பெரிய ஹார்ன் கலைஞர். மகன் அதைப் பதின்ம வயதில் எழுதினார். இசைக்குழு ஒரு தட்டுத் தட்டி நிறுத்த, ஹார்ன் தனியாக முழங்கி நுழைகிறது. அந்தத் தொடக்கத்தைக் கேட்ட எந்த ஹார்ன் மாணவருக்கும் வாசித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் இரண்டரை ஆண்டுப் பழக்கத்தில் அதை மேடையேற்றினால், 20 நிமிடமும் பிசகும் ஸ்வரங்களைத் திருத்துவதிலேயே போய்விடும். அதைச் செய்ய அவளுடைய வழக்கமான ஆசிரியரே போதும். வெளியூரிலிருந்து வருபவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: மூச்சு, ஒலியின் நிறம், ஒரு வரி எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்ற கணக்கு. கையில் ஏற்கெனவே படிந்த பாட்டாக இருந்தால்தான் அவர் அந்த இடத்துக்கே வர முடியும்.

என் பரிந்துரை இரண்டு. ஒன்று, சாங்-சான்ஸின் ரொமான்ஸ், ஓபஸ் 36. மெதுவானது. மூச்சையும் ஒலியையும் மறைக்க இடமே தராது. இன்னொன்று, மோட்சார்ட்டின் படைப்புப் பட்டியலில் கே. 412 என்ற எண்ணுள்ள கான்செர்ட்டோவின் முதல் பகுதி. மோட்சார்ட் தன் ஹார்ன் கான்செர்ட்டோக்களை லாய்ட்கெப் என்ற நண்பருக்காக எழுதினார். இதை எழுதிய 1791-இல் லாய்ட்கெப் 60 வயதை நெருங்கியிருந்தார். அதனாலோ என்னவோ, நான்கு கான்செர்ட்டோக்களில் உச்சிக்கு அதிகம் ஏறாதது இதுதான். எதை எடுத்தாலும் பயிலரங்குக்கு ஒரு மாதம் முன்பே நின்று நிதானமாக வாசிக்க வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால் அதைவிட எளிதான பாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதில் எந்த இழுக்கும் இல்லை.

இப்போது பயத்துக்கு வருவோம். ஹார்னில் ஸ்வரம் பிசகுவது ஏன் என்று அவளுக்குப் புரிந்தால் பாதி பயம் குறையும். ஹார்னில் எஃப் சுருதிக்கான குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வரும். ஒரு வால்வைக்கூட அழுத்தாமல், உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே அதிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஸ்வரங்களை எடுக்கலாம். கீழே அவை தள்ளித் தள்ளி இருக்கும். கீழிருந்து எட்டாவது ஸ்வரத்துக்கு மேலே போனால் பக்கத்துப் பக்கத்தில் நெருங்கிவிடும். ஹார்ன் பெரும்பாலும் உலவுவது அந்த நெரிசலான மேல்பகுதியில்தான். உதடு ஒரு நூல் தவறினால் பக்கத்து ஸ்வரம் ஒலித்துவிடும். உலகின் சிறந்த இசைக்குழுக்களில் இருப்பவர்களுக்கும் இது நடக்கிறது. மேடையில் ஒரு ஸ்வரம் உடைந்தால் எதிரே நிற்கும் கலைஞர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த ஸ்வரம் அவள் மனதில் முன்கூட்டியே ஒலித்ததா என்றுதான் பார்ப்பார்.

அதனால்தான் ஹார்ன் பாடங்களில் "அந்த வரியைப் பாடிக் காட்டு" என்று அடிக்கடி சொல்வார்கள். பல பிள்ளைகள் இந்த இடத்தில் கூசிப்போய் நிற்பார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கூச்சம் இருக்கக் கூடாது, அவள் பாடகி. தினமும் பாட்டின் ஒவ்வொரு வரியையும் முதலில் பாடட்டும், அப்புறம் மவுத்பீஸில் (உதட்டில் வைத்து ஊதும் முனையில்) மட்டும் ஊதட்டும், அதற்குப் பிறகு ஹார்னில். மோட்சார்ட் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. சுருதி மாற வேண்டுமானால் வேறு நீளமுள்ள குழாய் வளையத்தைச் செருகிக்கொள்வார்கள். எழுதியிருக்கும் ஸ்வரம் அதே 'சி'தான், ஒலிக்கும் சுருதி மட்டும் மாறும். எந்தக் கட்டையிலும் ஸ ஸ-வாகவே இருக்கும் ஒரு முறையில் வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். ஹார்ன் மாணவர்கள் பலரைத் திணறடிக்கும் சுருதிமாற்று வாசிப்பில் (எழுதிய ஸ்வரத்தை வேறு சுருதிக்கு மாற்றி வாசிப்பதில்) அவளுக்கு இது பெரிய பலம்.

அந்த 20 நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். அவள் மூன்று நான்கு நிமிடம் வாசிப்பாள். கலைஞர் நடுவிலேயே கையை உயர்த்தி நிறுத்தலாம். நிறுத்தினால் மோசமாக வாசித்தாள் என்று அர்த்தமில்லை, பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரே நான்கு அளவையை (இசைத்தாளில் கோடு பிரிக்கும் தாளக் கட்டங்களை) பத்து தடவை வாசிக்கச் சொல்லலாம். அந்த நேரத்தில் "வீட்டில் நன்றாக வந்தது" என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். சொன்னதை உடனே செய்து பார்த்தால் போதும், சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. இதைப் பழக்கிக்கொள்ள, பேண்ட் தோழிகள் நான்கைந்து பேர் முன்னால் வாசிக்கச் சொல்லி, எதிர்பாராத இடங்களில் அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் சாரா வில்லிஸ் இணையத்தில் ஹார்ன் கலைஞர்களோடு நடத்திய உரையாடல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த இசைக்குழுவின் பித்தளைக் கருவிப் பிரிவில் 2001-இல் சேர்ந்த முதல் பெண் அவர். உங்கள் மகள் வயதுப் பெண்கள் பார்க்க வேண்டியவை அவை.

கலைஞர் கண் முதலில் போகும் இடங்கள் இரண்டு, வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒன்று உட்காரும் விதம். இந்த வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள், ஹார்ன் பிடிக்கும் விதம் மட்டும் உயர்நிலை ஒன்றில் கற்றதாகவே இருக்கும். நேராக உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஹார்னை வாய்க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மவுத்பீஸ் வாய்க்கு வர வேண்டும், தலை குனிந்து மவுத்பீஸைத் தேடிப் போகக் கூடாது. இன்னொன்று பெல்லுக்குள், அதாவது ஹார்னின் விரிந்த வாய்க்குள், இருக்கும் வலது கை. விரல்கள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து, உள்ளங்கை சற்றே குழிந்து, விரல்களின் பின்புறம் உலோகத்தில் படிந்திருக்க வேண்டும். உள்ளங்கை பெல்லை அடைத்தால் ஒலி மூடிக்கொள்ளும், சுருதியும் இறங்கும். ஒரே ஸ்வரத்தைப் பிடித்தபடி கையை மெல்ல மூடித் திறக்கச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி திறக்கிறது என்று உங்கள் காதுக்கே தெரியும்.

அன்றைய நாளுக்கு: முந்தின நாள் உதட்டைக் களைப்பாக்க வேண்டாம், மெதுவான நீள ஸ்வரங்கள் போதும். நம் ஊர் அரங்குகளில் குளிர்சாதனம் பலமாக இருக்கும். குளிர்ந்த ஹார்ன் சுருதி இறங்கிப் பேசும். காத்திருக்கும்போது ஒலி எழுப்பாமல் குழாய்க்குள் வெதுவெதுப்பான மூச்சை ஊதிக்கொண்டே இருக்கட்டும். இசைத்தாளில் அளவை எண்களைக் குறித்து, கலைஞருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் தனித்தனிப் பிரதி கொண்டு போங்கள். ஒலிப்பதிவு செய்யலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொன்னதில் பாதி நினைவில் நிற்காது. அங்கே மவுத்பீஸ் விற்கும் கடை போட்டிருந்தால், அன்றைக்கு எதையும் வாங்காதீர்கள்.

மற்றவர்களின் நேரத்தையும் அவள் உட்கார்ந்து முழுதாகக் கேட்க வேண்டும். தன் முறை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தான் மேடையில் இல்லாதபோதுதான் காது நன்றாகத் திறந்திருக்கும். கூட்டு வாசிப்பு இருந்தால் தவறாமல் சேரட்டும். 1969-இல் அமெரிக்காவின் டலஹாசியில் ஹார்ன் கலைஞர்கள் ஒரு பயிலரங்குக்காகக் கூடினார்கள், அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டே சர்வதேச ஹார்ன் சங்கம் உருவானது. இன்றும் அதன் கூட்டங்களில் தொழில்முறைக் கலைஞர்களும் மாணவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பேண்டில் அவள் முதல் ஹார்ன் என்றால், இங்கே கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் நான்காவது ஹார்னைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கீழ் ஸ்வரங்களில் தேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதைக் கேட்பது தனிப் பாடம்.

வந்தவர் சொன்னது வழக்கமான ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருந்தால்? ஒலி, மூச்சு, பாட்டின் போக்கு பற்றியது என்றால் தயங்காமல் முயன்று பார்க்கலாம். மவுத்பீஸை உதட்டில் வைக்கும் இடத்தையே மாற்றச் சொன்னால் மட்டும் பொறுங்கள். அது மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனிக்கும் ஒருவர் கையில் நடக்க வேண்டிய வேலை. ஒரு நாள் வந்து போகிறவர் தொடங்கிவைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கம்பி விஷயத்துக்கும் இதே இடம்தான் முக்கியம். சிகாகோ சிம்ஃபனியில் முதல் ஹார்னாக இருந்த ஃபிலிப் ஃபார்க்காஸ் காலத்திலிருந்து பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, மவுத்பீஸில் மூன்றில் இரண்டு பங்கு மேலுதடு, ஒரு பங்கு கீழுதடு. ஆகவே மேல்வரிசைக் கம்பிதான் அதிகம் உறுத்தும். பல் மருத்துவர் சம்மதித்தால் பயிலரங்குக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மகள் ஹார்ன் வாசிப்பவள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், கம்பி மேல் ஒட்டும் மெழுகு தருவார். தள்ளிப்போட முடியாது என்றாலும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். தினமும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, கீழ் ஸ்வரங்களில் தொடங்கி, வலித்தால் நிறுத்திவிட்டுப் பழகட்டும். சாங்-சான்ஸையே எடுக்கட்டும். மேடை ஏறியதும் "எனக்குக் கம்பி போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது" என்று கலைஞரிடம் ஒரு வரி சொல்லட்டும், அதற்கேற்ப அவர் பாடத்தை அமைத்துக்கொள்வார்.