கிடாவெட்டு விருந்துக்குப் பின் நாய்க்கு வயிற்றுப்போக்கு: வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: டாக்டர், நாங்கள் உசிலம்பட்டி பக்கம். எங்களிடம் செவலை என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. ஆண், மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. இலையில் மிஞ்சிய கறி, எலும்பு, கொழுப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் அதற்குப் போட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தது. விடிந்ததிலிருந்து தண்ணீராகப் போகிறது, ஐந்தாறு தடவை ஆகிவிட்டது. கடைசியாகப் போனதில் சளி மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. சோற்றை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. மனிதர்களுக்குப் பேதி நிற்கக் கொடுக்கும் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாம் என்கிறார் என் கொழுந்தனார். அப்பத்தா வசம்பைச் சுட்டு உரசி ஊற்றச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? வீட்டில் இரண்டு மாதப் பெண் குட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கு இன்னும் ஊசி எதுவும் போடவில்லை. அதற்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: மாத்திரையும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் செவலையை இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கிறது, குடித்தது தங்குகிறது, கூப்பிட்டால் வருகிறது, ரத்தம் போகவில்லை. இந்த நான்கும் மாறாத வரை பயப்பட வேண்டியதில்லை. குட்டியின் விஷயம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இதைப் படித்து முடிக்கும் முன்பே அதைச் செவலையிடமிருந்து பிரித்து, தனி இடத்தில் தனித் தட்டோடு வைத்துவிடுங்கள்.

விருந்துக்கு மறுநாள் இப்படி ஆவது நம் பக்கம் ரொம்ப சகஜம். தினமும் சோறும் கொஞ்சம் குழம்பும் தின்று பழகிய நாய்க்கு, ஒரே வேளையில் அவ்வளவு ஆட்டுக்கொழுப்பைச் செரிக்க முடியாது. செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்கு வந்து எரிச்சலைக் கிளப்பும். குடல் தண்ணீரைச் சுரந்து எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தள்ளும். பரோட்டாவும் சால்னாவும் மிஞ்சியதைப் போடும் வீடுகளிலும் இதே கதைதான். இப்படிச் சாப்பாட்டால் வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் உடம்பு வற்றிப்போவதுதான் ஆபத்து. அதனால் பேதியை எப்படி நிறுத்துவது என்று தவிக்காதீர்கள். போகிற தண்ணீரை ஈடுகட்டுங்கள், வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நன்றாக இருக்கும் நாய்க்கே எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தினமும் வேண்டும். செவலை 18 கிலோ இருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். பேதியும் மதுரை வெயிலும் சேர்ந்தால் இதற்கு மேலேயே வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி, ஒரு லிட்டருக்கான பாக்கெட், அதை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. ஒரு கிண்ணத்தில் இதையும் இன்னொன்றில் சாதாரணத் தண்ணீரையும் வையுங்கள். வாந்தி எடுத்த நாய் என்பதால் கிண்ணம் நிறைய வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் போதும். ஒரேயடியாகக் குடித்தால் வயிறு உப்பி மறுபடி வாந்தி வரும். உப்புச் சுவை பிடிக்காமல் ஒதுக்கினால் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வையுங்கள், பெரும்பாலும் குடித்துவிடும். இளநீர் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஈடாகாது. பால் அறவே வேண்டாம். வாயைப் பிடித்துத் திறந்து சிரிஞ்சால் பீய்ச்சுவதும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விட்டால் பேதியைவிடப் பெரிய வம்பு.

உடம்பு வற்றுகிறதா என்று பார்க்க முதுகுத்தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பது பலருக்கும் தெரியும். சிப்பிப்பாறைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அதன் உடம்பில் கொழுப்பே கிடையாது, நல்ல நாளிலும் தோல் மெதுவாகத்தான் இறங்கும். ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலை வையுங்கள். வழவழவென்று ஈரமாக இருந்தால் சரி. விரல் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. அப்புறம் அதே இடத்தை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். கறுத்த ஈறு உள்ள நாய் என்றால் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன்பு என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். நாலு தடவை பார்த்தால் உங்கள் நாயின் ஈறு உங்களுக்கே அத்துப்படியாகிவிடும்.

சாப்பாடு. கடைசி வாந்தியிலிருந்து 12 மணி நேரம் வயிற்றைக் காலியாக விட்டால் போதும், உங்கள் கணக்குப்படி அது இந்நேரம் முடிந்திருக்கும். இரண்டு நாள் பட்டினி போடுவார்கள் சிலர், அது தேவையே இல்லை. குடலின் உட்சுவர் ஆறுவதற்கும் கொஞ்சம் தீனி வேண்டும். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைத் தண்ணீரில் மட்டும் வேகவைத்து, எலும்பில்லாமல் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். சோற்றைக் குழைய வடியுங்கள், ரேஷன் அரிசியே போதும். ஒரு பங்கு கறி, இரண்டு பங்கு சோறு. எண்ணெய், மசாலா, மிளகாய் எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை, அதனால் ‘வயிற்றுக்கு நல்லது’ என்று பூண்டு ரசம் ஊற்றிப் பிசையாதீர்கள். கோழி இல்லையென்றால் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. இரண்டு ஸ்பூன் பரங்கிக்காயை வேகவைத்து மசித்துச் சேர்த்தால் அதன் நார் மலத்தைக் கொஞ்சம் கட்டும். தயிர் ஏற்கெனவே தின்று பழகிய நாய்க்கு ஒரு ஸ்பூன் பரவாயில்லை, பழகாததற்கு இன்றைக்குத் தொடங்க வேண்டாம்.

முதலில் ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள். இரண்டு மணி நேரம் வாந்தி இல்லையென்றால் இன்னொரு கைப்பிடி. ஒரு நாள் அளவை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மலம் கெட்டியானதும் சந்தோஷத்தில் அன்றைக்கே கறிக்குழம்புச் சோறு போட்டுவிடுவார்கள், மறுநாள் திரும்பவும் ஆரம்பித்துவிடும். கெட்டியான பிறகும் இரண்டு நாள் இதே சாப்பாடு, அப்புறம் மூன்று நான்கு நாளில் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாருங்கள்.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்ன மாத்திரை. பேதியை நிறுத்த நாம் போடும் லோபராமைடு, குடலின் அசைவைக் கட்டிப்போடுகிறது. கிருமியோ நஞ்சோ காரணமாக இருந்தால் அதையும் சேர்த்து உள்ளேயே அடைத்துவைக்கிறது. சில இன நாய்களுக்கு மூளைக்கே ஏறிவிடும். கூடவே வயிற்றுவலிக்கென்று பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் என்று எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் ஈரலும் சிறுநீரகமும் அவற்றைத் தாங்காது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே கடையில் வாங்கிக் கொடுக்கும் சரக்கு இல்லை. சாதாரணப் பேதி ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சரியாகிறது, அளவு மீறினால் அந்த மாத்திரை நாயைத் தள்ளாட வைக்கும். அப்பத்தாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நாய்க்கு வசம்பு எவ்வளவு என்று ஒரு அளவு கிடையாது, காரமான சாறை வாயில் ஊற்றினால் திமிறி மூச்சுக்குழலுக்குள் போகும்.

மலத்தில் சளி போனது பற்றி எழுதியிருந்தீர்கள். பெருங்குடல் புண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இனி அது அடிக்கடி குந்தி, முக்கி, துளித்துளியாகச் சளி மட்டும் போகலாம். அதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுகிறவர்கள் நிறைய. புண்ணுக்கு மேல் பேதி மருந்து கொடுத்தது போலாகிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஆனால் முக்கி முக்கி எதுவுமே வராமல் வாந்தியும் எடுத்தால், எலும்போ, கறி வாசத்துக்காக விழுங்கிய இலையோ பிளாஸ்டிக் கவரோ குடலை அடைத்திருக்கலாம். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும், குடலைக் கிழிக்கவும் செய்யும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

வேறு எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்? குடித்த தண்ணீரையும் கக்கினால். ரத்தம் போனால், அல்லது தார் போலக் கறுப்பாகப் போனால். ஈறு வெளுத்தாலோ மஞ்சளித்தாலோ. காய்ச்சல் 103 டிகிரிக்கு மேல் போனால் (நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 வரை இருக்கும், கை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது). எழுந்திருக்க மனமில்லாமல் சுருண்டு கிடந்தால். இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றால். கொழுப்பு நிறையத் தின்ற நாய் முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றால் கணையம் வீங்கியிருக்கலாம், கடுமையான வலி அது. இவற்றில் ஒன்று போதும், புறப்பட்டுவிடுங்கள்.

சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இன்னொன்று உண்டு. வயிறு நிறையத் தின்றபின் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளமாக வீங்கும், வாந்தி எடுக்க ஓங்கரிக்கும், எதுவும் வராது. அதற்கு விடியும்வரை காத்திருக்க நேரமில்லை, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதேபோல் வாயில் நுரை தள்ளி, எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கினால் வயலுக்கு அடித்த பூச்சிமருந்தோ எலி மருந்தோ உள்ளே போயிருக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல், மருந்து டப்பா கிடைத்தால் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். உங்களுக்குப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலேயே நாய்க்கும் பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள். ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் மதுரைக்கு வர வேண்டியிருக்கும், கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது குட்டி. செவலைக்குக் கொழுப்பால் வந்திருந்தால் அது தொற்றாது. ஆனால் காரணம் கொழுப்புதான் என்று இங்கிருந்து நான் சத்தியம் செய்ய முடியாது, அதனால்தான் பிரிக்கச் சொன்னேன். ஊசி போடாத இரண்டு மாதக் குட்டி என்றதும் எனக்குப் பார்வோ வைரஸ்தான் ஞாபகம் வருகிறது. 1978-இல் உலகம் முழுக்கப் பரவிய நோய், இன்றைக்கும் நம் ஊர்களில் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், அப்புறம் கெட்ட நாற்றத்தோடு ரத்தமாகப் போகும். கவனிக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையவே கிடையாது. உடனே சேர்த்து நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. ‘ஒரு நாள் பார்ப்போம்’ என்று வைத்திருந்ததுதான் பல குட்டிகளைக் கொன்றிருக்கிறது. குட்டிக்குப் பட்டினியும் போடக் கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. சிமெண்ட் தரையை முதலில் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நாய் இரண்டையும் அந்த நேரம் தள்ளி வையுங்கள். செவலையின் மலத்தைக் கையுறை போட்டு அள்ளிப் புதையுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் வெறுங்காலோடு விடாதீர்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறும்.

குட்டி துள்ளிக்கொண்டு இருக்கிறதென்றால் இந்த வாரமே தடுப்பூசிக்குக் கொண்டு போங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். முகாமில் ‘ஊசி போட்டாச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் வெறிநாய்க்கடிக்கான ஊசி மட்டும்தான், அது பார்வோவைத் தடுக்காது. எந்த ஊசி என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். குடற்புழு மருந்தையும் அன்றைக்கே கேளுங்கள், இந்த வயதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டும். செவலைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதம் தாண்டியிருந்தால் பேதி நின்றபின் கொடுத்துவிடுங்கள். மலத்தில் கொஞ்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போனால் புழு முட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.