நைனாவோட துண்டுச்சீட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்ததுல குடியாத்தத்துல இருந்து வந்த ஒரு கடிதம் ரொம்ப நீளம், ரெண்டு தடவ உக்காந்து படிச்சேன், பாதிப் பக்கத்துக்கு மேல அதுக்கே போயிடுச்சு, மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் ஓவியக் கல்லூரியில கடைசி வருஷம். எங்க வீட்ல குழித்தறி இருக்கு, நைனா லுங்கி நெய்யறவர். லீவுக்கு வந்தப்போ ஒரு பாவு (தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டின நூல்) முடியற நேரம், கடைசி ரெண்டு கஜத்தை எனக்கு விட்டுக் குடுத்தார். அதுல நான் ஒரு சாண் ஊடையே (குறுக்க ஓடற நூல்) போடாம விட்டேன், அங்கங்க தீப்பெட்டிக் குச்சி (மருந்து வைக்காதது) சொருகினேன், ஆம்பூர்ல இருந்து கொண்டு வந்த வேஸ்ட் லெதரை நாடா மாதிரி வெட்டி ஊடையா விட்டேன், பாவு மேலயே பிரஷ்ல கலர் அடிச்சேன். காலேஜ்ல காட்டுனா சார் "இது கைவினை, அரூபக் கலை (நேரடியா உருவம் காட்டாத கலை) பண்ணணும்னா கேன்வாஸ்ல பண்ணு"ங்கறார். வீட்ல நைனா "இன்னாம்மா இது, எடுத்தா கையோட வருது"ன்னு வருத்தமா கேக்கறார். ப்ராஜெக்ட் குடுக்க ரெண்டு மாசம்தான் இருக்கு. யார் சொல்றத கேக்கறது?

பதில்: முதல்ல உங்க சாருக்கு பதில் சொல்லிடறேன் தங்கச்சி, ஏன்னா அது நூறு வருஷமா ஓடிட்டிருக்கிற பழைய பேச்சு. ஜெர்மனியில 1919ல பௌஹவுஸ்னு ஒரு கலைப்பள்ளி ஆரம்பிச்சாங்க, கலை வேற கைத்தொழில் வேறன்னு பாக்கக் கூடாதுங்கறதுதான் அவங்க கொள்கையே, ஆனா உள்ள சேர்ந்த பொண்ணுங்கள பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் அனுப்பினாங்க. அப்படி 1922ல சேர்ந்தவங்கதான் ஆனி ஆல்பர்ஸ். நூலை அவங்களா ஆசைப்பட்டு எடுக்கல, ஆனா எடுத்த அப்புறம் விடவே இல்ல. 1930ல படிப்பு முடிக்கறப்போ ஒரு ஆடிட்டோரியம் சுவருக்கு துணி நெய்தாங்க, ஒரு பக்கம் செலோஃபேன் வெளிச்சத்தை திருப்பி அடிக்கும், இன்னொரு பக்கம் வெல்வெட் மாதிரி நூல் எதிரொலியை அமுக்கிடும். 1933ல அமெரிக்கா போனாங்க, 1949ல நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல தனியா அவங்க கண்காட்சி வச்சாங்க, நெசவுக் கலைஞர் ஒருத்தருக்கு அங்க அதுதான் முதல் தடவ. ஆக அந்தக் கதவு 1949லயே தொறந்தாச்சு, உங்க சார்கிட்ட மரியாதையாவே சொல்லலாம்.

அவ்ளோ தூரம் போக வேணாம்னா நம்ம நாட்லயே இருக்காங்க. மிருணாளினி முகர்ஜி சணல் கயித்தை கையால முடிச்சு போட்டு ஆள் உயரத்துக்கு சிற்பம் பண்ணாங்க, தறி கூட இல்லாம. மும்பை மோனிகா கொரியா நெய்யும்போது பாதியில அச்சையே (பாவு நூலை வரிசையா பிரிச்சு நிறுத்தற சீப்பு) கழட்டி எடுத்துடுவாங்க, அச்சு இல்லன்னா பாவு நூல் நேரா நிக்காதே, ஒண்ணு இப்படி சாயும் ஒண்ணு அப்படி வளையும், அந்த வளைவுதான் அவங்க கோடு. தறி தெரிஞ்ச உங்களுக்கு இதைப் படிக்கும்போதே கை பரபரன்னு வந்திருக்கணும்.

இப்ப நைனா சொன்னதுக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியம். "எடுத்தா கையோட வருது"ன்னு சொன்னார் இல்ல, அதை திட்டுன்னு எடுத்துக்காதீங்க, ஒரு நெசவாளர் குடுத்த டெக்னிக்கல் ரிப்போர்ட் அது. ஒரு சாண் ஊடை இல்லாம விட்டீங்க, சரி, அந்த இடைவெளிக்கு மேலயும் கீழயும் நெருக்கமா அடிச்சு கட்டினீங்களா? ஒரு ரெண்டு இன்ச்சாவது கெட்டியா பலகை (ஊடையை நெருக்கற கட்டை) அடிச்சு விட்டிருந்தா ஊடை நழுவாது. குச்சி சொருகினீங்க, ஒவ்வொரு குச்சிக்கும் முன்னாடி ஒரு நூல் பின்னாடி ஒரு நூல் ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஓடணும், அப்பதான் குச்சி உக்காரும், இல்லன்னா தறியில இருந்து இறக்கின உடனே டென்ஷன் போயி சடசடன்னு கொட்டிடும். லெதர் விஷயம் வேற, அது நூல் மாதிரி வளைஞ்சு குடுக்காது, அகலம் கொஞ்சம் மாறினாலும் கரை உள்ள இழுத்துக்கும், தண்ணி பட்டா சாயம் வேற பக்கத்து நூல்ல இறங்கும், அதனால லெதர் வச்ச பீஸை நனைக்கவே கூடாது. பாவுல பெயிண்ட் அடிச்சது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா கஞ்சி போட்ட பாவு மேல அடிச்சிருக்கீங்க, கலர் கஞ்சி மேலதான் நிக்கும், ஒரு அலசுல பாதி போயிடும்.

நானும் இந்த மாதிரி பண்ணியிருக்கேன். படிக்கும்போது ஒரே பாவுல பருத்தியும் கம்பளி நூலும் பக்கத்துப் பக்கத்துல போட்டு நெய்தேன், தறியில இருக்கிற வரைக்கும் தட்டையா அழகா இருந்துச்சு, அறுத்து இறக்கினதும் இழுத்துப் புடிச்சிருந்த கம்பளி சுருங்கி பருத்தி எல்லாம் மேடு மேடா எழும்பிடுச்சு. ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் அதை சுவத்துல மாட்டி சாயங்கால வெயில் சாய்வா விழும்போது பாத்தா அந்த மேட்டு நிழல்தான் நான் வரைய நெனச்சதை விட நல்லா இருந்துச்சு. நூலுக்கு நூல் இழுவை மாறினா துணி தானா உருவம் எடுக்கும்ங்கறத நான் அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன், எந்த கிளாஸ்லயும் இல்ல.

உங்க பீஸ்ல என்ன குறைன்னு கேட்டா, ஒரே ரெண்டு கஜத்துல நாலு பரிசோதனை. இடைவெளி, குச்சி, லெதர், பெயிண்ட், எதையும் முழுசா பாக்க விடல. ரெண்டு மாசம் இருக்கு, ஒண்ணே ஒண்ணை எடுங்க. எதுன்னு நானே சொல்லட்டுமா, உங்க வீட்ல ஏற்கனவே இருக்கு. நைனா புது டிசைன் லுங்கி போடும்போது ஒரு துண்டுச்சீட்டுல கணக்கு எழுதி வச்சிருப்பார் பாருங்க, சிகப்பு 24, வெள்ளை 4, நீலம் 24, வெள்ளை 4ன்னு. படம் எதுவும் இருக்காது, வெறும் கலரும் எண்ணும், ஆனா அதைப் பாத்தாலே அவருக்கு முழுக் கட்டமும் கண்ல தெரியும். அரூபம்னு காலேஜ்ல எதைத் தேடச் சொல்றாங்களோ அது அந்தச் சீட்டுல இருக்கு. அதை வாங்கிக்கங்க. பாவு அவர் கணக்குப்படியே இருக்கட்டும், அதுல கை வைக்காதீங்க. ஊடையில மட்டும் வெள்ளை நாலு நாலாவே வச்சுக்கிட்டு, கலர் கட்டத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் குறைச்சுக்கிட்டே வாங்க, 24, 23, 22ன்னு ஒண்ணு வரைக்கும். கூட்டிப் பாத்தா கலர் நூல் மட்டும் 300, நடுவுல வர்ற வெள்ளை ஒரு 92, மொத்தம் 392 ஊடை, இன்ச்சுக்கு 60 போட்டா ஆறரை இன்ச்சு. அந்த ஆறரை இன்ச்சுக்குள்ள நைனாவோட கட்டம் மெல்ல மெல்ல நசுங்கி கடைசியில கோடா மாறி நிக்கும். அப்புறம் திருப்பி ஒண்ணுல இருந்து 24க்கு ஏறுங்க. ஒரு ஆள் உயரத்துக்கு நெய்தா கட்டம் மூச்சு விடற மாதிரி இருக்கும்.

கலர்லயும் ஒண்ணு கவனிங்க. பாவுல நாலு கலர், ஊடையில அதே நாலு கலர் போட்டா 16 கட்டம் வரும். அதுல நாலு சுத்தமான கலர், மீதி 12 கலப்பு, ஆனா சாதா நெசவுல பாவும் ஊடையும் சமமா தெரியறதால சிகப்பு மேல நீலமும் நீலத்து மேல சிகப்பும் கண்ணுக்கு ஒண்ணுதான், அதனால கலப்பு ஆறு. நாலு நூல்ல பத்து கலர், ஒரு சொட்டு பெயிண்ட் இல்லாம. பாவு ஒரு கலர் ஊடை ஒரு கலர்னு போட்டு ஆரணி பட்டுல மயில் கழுத்து நிறம் கொண்டு வர்றதும் இதே கணக்குதான், பட்டுல பளபளப்பு இருக்கறதால திரும்பினா கலர் மாறுது, பருத்தியில மாறாம கலந்து நிக்குது.

இன்னொண்ணு, ஆனி ஆல்பர்ஸ் 1965ல நெசவு பத்தி எழுதின புத்தகத்தை யாருக்கு சமர்ப்பணம் பண்ணாங்க தெரியுமா? பெரு நாட்டுப் பழங்கால நெசவாளர்களுக்கு, அவங்கதான் என் குருமார்னு. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுல நன்றி எழுதற பக்கத்துல நைனா பேரை கடைசியா அம்மா, தம்பியோட சேத்து எழுதிடாதீங்க. வழிகாட்டிங்கற இடத்துல எழுதுங்க, அந்தத் துண்டுச்சீட்டையும் பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டுங்க, அவர்கிட்ட கேட்டுட்டு.

கேள்வி: அரூப ஓவியம்னா எனக்குப் புரியாதது, அவ்ளோதான். ரிட்டயர்டு வாத்தியார் நான், வாலாஜாபேட்டை. புரியற மாதிரி சொல்ல முடியுமா?

பதில்: ஐயா, உங்க வீட்டுப் பட்டுப் புடவையில தாழம்பூ ரேக்கு கரை இருக்கும், எடுத்து வச்சுப் பாருங்க. தாழம்பூவா அது? இதழ் இல்ல, காம்பு இல்ல, கூர் கூரா ரம்பப் பல்லு மட்டும் இருக்கு. ஆனாலும் அம்மாவும் ஆயாவும் அதைப் பாத்து தாழம்பூன்னுதான் சொன்னாங்க, யாருக்கும் புரியாம போகல. பூவுல இருந்து ஒரே ஒரு குணத்தை, அந்த முள்ளு ஓரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை விட்டுட்டாங்க. பாலும் பழமும் கட்டம்னு சொல்றோமே, அதுல பால் எங்க பழம் எங்க? அரூப ஓவியத்தையும் அதே கண்ணால பாருங்க, இது என்னன்னு கேக்காம எதை மட்டும் எடுத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966ல ஆரம்பிச்ச கே.சி.எஸ். பணிக்கர் எழுத்து, கட்டம், ஜாதகக் குறி மாதிரி கோடுன்னு நிறைய வரைஞ்சார், அதுல படிக்கறதுக்கு ஒரு வார்த்தை இருக்காது, ஆனா பஞ்சாங்கம் பாத்துப் பழகின நம்ம கண்ணுக்கு அது அந்நியமா இருக்காது. அந்த கிராமத்து ஓவியர்கள் பாத்திக் துணி (மெழுகு தடவி சாயம் போடறது) மாதிரி கைவேலை பண்ணி வித்துத்தான் ஓவியம் வரையறதுக்கு நேரம் சம்பாதிச்சாங்க, இதையும் சொல்லணும்னு தோணுச்சு.

கேள்வி: தறி இல்லாம வீட்லயே நெசவு பழக முடியுமா மேடம்? காட்பாடி, ஹவுஸ் வைஃப்.

பதில்: தாராளமா. பழைய போட்டோ ஃப்ரேம் ஒண்ணு எடுத்து மேலயும் கீழயும் அரை இன்ச்சுக்கு ஒரு ஆணி அடிங்க, கெட்டி நூலை மேல கீழ மாத்தி மாத்தி இழுத்துக் கட்டினா அதுதான் பாவு. ஊடைக்கு கிழிஞ்ச புடவையை கிழிச்சு நாடாவா எடுத்துக்கலாம், அமுக்கறதுக்கு பழைய சீப்பு போதும். ஒரே விஷயம், ஊடையை நேரா இழுத்து விடாதீங்க, கொஞ்சம் வில்லு மாதிரி வளைச்சு விட்டுட்டு அப்புறம் அமுக்குங்க, இல்லன்னா ரெண்டு ஓரமும் உள்ள வாங்கி நடு இடுப்பு மாதிரி ஆயிடும். எல்லாரும் முதல் பீஸ்ல இதைத்தான் பண்ணுவாங்க.

கேள்வி: 40ம் நம்பர் நூல், 80ம் நம்பர் நூல்ங்கறாங்களே, நம்பர் கூடினா தடிமனா? ஆரணி, பி.காம் மாணவர்.

பதில்: தலைகீழ் தம்பி, நம்பர் கூடினா நூல் சன்னம். ஒரு பவுண்டு எடையில 840 கஜ சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருதோ அதுதான் நம்பர். 40ம் நம்பர்னா 40 சிட்டம், அதாவது 33,600 கஜம், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், குடியாத்தத்துல இருந்து வேலூர் வர்ற தூரத்துக்கு பக்கத்துல வந்துடும். அரைக் கிலோ கூட இல்லாத ஒரு பொட்டலத்துல.

கேள்வி: காளஹஸ்தி கலம்காரி (துணியில கையால எழுதற ஓவியம்) கருப்பு மாதிரி நூலுக்கு சாயம் போட்டு நெய்யலாமா? திருத்தணி பக்கம், டிசைன் மாணவர்.

பதில்: காளஹஸ்தியே 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாதான், அதனால நம்ம கருப்புன்னே சொல்லலாம். துருப்புடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணியில ஊற வச்சு புளிக்க விடுவாங்க, கடுக்காயும் பாலும் ஏத்தின துணியில அதைத் தொட்டு எழுதினதும் கருக்க ஆரம்பிச்சுடும், அதைப் பக்கத்துல நின்னு பாக்கறது அவ்ளோ சந்தோஷம். நூலுக்கும் போடலாம், பால் வேணாம், அது துணியில கோடு பரவாம இருக்கறதுக்கு, நூலுக்கு கடுக்காய் மட்டும் போதும். ஆனா இரும்புக் கருப்பு வருஷம் போகப் போக பருத்தியை இத்துப் போக வைக்கும், அதனால இழுவை தாங்க வேண்டிய பாவுக்கு அதைப் போடாதீங்க, ஊடைக்கு வச்சுக்கங்க. சாயம் ஏத்தின நூலை தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் நாலஞ்சு தடவ அலசி நிழல்ல காய வச்சுட்டு அப்புறம் தார் (ஊடை நூல் சுத்தற சின்ன குழல்) சுத்துங்க.