எருசலேம் ஆலயத்தில் வெண்கலத் தொட்டி எதற்கு?

ஆசாரியர்கள் (ஆலயப் பூசாரிகள்) பணி தொடங்குமுன் கை கால் கழுவுவதற்கான நீர்க்கலம் அது. ஆலயம் கட்டப்படுமுன், கூடாரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரக் காலத்தில் பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே நின்றது. கழுவாமல் உள்ளே போனால் சாவு என்கிறது பைபிளின் யாத்திராகமம். காரணம் அழுக்கு மட்டுமல்ல. சாதாரண இடத்திலிருந்து பரிசுத்த இடத்துக்குள் நுழையும் எல்லை அது. வீட்டில் குளித்துவிட்டு வந்த டாக்டரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மறுபடி கை கழுவுகிறாரே, அதுபோல.

எருசலேமில் முதல் ஆலயத்தைக் கட்டிய அரசர் சாலொமோன் இதைப் பிரம்மாண்டமாக்கினார். ஆசாரியர்களுக்கு 12 காளைகள் தாங்கிய ‘கடல்’ தொட்டி: விட்டம் 10 முழம், உயரம் 5 முழம். தகனபலிக்கு (நெருப்பில் எரிக்கும் பலிக்கு) உரியவற்றை அலச, சக்கரம் வைத்த 10 கொப்பரைகள் தனி.

அந்த ஆலயம் அழிந்தபின் கட்டிய இரண்டாம் ஆலயத் தொட்டியில் முதலில் 2 குழாய்களே இருந்தன. பென் காத்தின் என்ற பிரதான ஆசாரியர் அதை 12 ஆக்கினார் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. இரவு முழுக்கத் தொட்டியிலேயே தங்கும் நீர் மறுநாள் சடங்குக்குத் தகுதியற்றது. அதைத் தவிர்க்கவும் அவரே ஓர் இயந்திரப் பொறி அமைத்தார். கழுவும் முறை: வலக்கை வலக்காலின்மேல், இடக்கை இடக்காலின்மேல், குனிந்தபடி.

வழிபட வந்த எல்லாரும் இதில் கழுவினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது ஆசாரியர்களுக்கு மட்டும்; மற்றவர்கள் தீட்டு நீங்க முழுகியது வேறு குளங்களில்.